அம்மாவின்ர "யெஸ்"

தங்கச்சி, பிள்ளையைப் பார்க்க அம்மாவை சூப்பர் விசாவில, அதுதான் பெற்றோர் கனநாள் தங்கி நிக்கிற விசாவில, கனடாவுக்குக் கூப்பிடுறன், என்ன கவனிக்க வேணும் எண்டு கேட்டிருந்தீர். குளிர்ச்சட்டையைப் பற்றி ஆரிட்டயும் கேளும். மருத்துவ இன்சூரன்ஸ் 1,00,000 டொலருக்குக் குறையாமல் எடுக்க வேணும். நான் சொல்லவாறது வேற.

2003 மாரி. அப்ப சூப்பர் விசா இல்லை, அது 2011 கடைசியிலதான் வந்தது. விசிட்டராத்தான் அம்மா ஸ்காபரோவுக்கு வந்தவ. மகனுக்கு 7 வயசு, ஒரு வாய் தீத்துறதுக்குள்ள சீவன் போகும். "சாப்பிடாட்டிக் கொண்டுபோடுவன்" எண்டு அகப்பையோட நிப்பா. அது அவவுக்குச் செல்லம், எங்களை வளர்த்ததும் அப்பிடித்தான். பெடியன் அதைச் சொல்லுக்குச் சொல் இங்கிலீசாக்கி வகுப்பில சொல்லிப்போட்டான்: அம்மம்மா என்னைக் கொல்லப் போறா. ரீச்சரைப் பிழை சொல்லேலாது. 16 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு ஆபத்தெண்டு சந்தேகம் வந்தாலே அறிவிக்க வேணும், ஒன்ராறியோச் சட்டம்.

பின்னேரம் பொலிஸ் வரேக்க நான் இரவு வேலைக்காரி, மேல நித்திரை. அம்மா கதிரை இழுத்துப் போட்டு, தேத்தண்ணிக்குத் தண்ணியும் வைச்சு, கேட்டதுக்கெல்லாம் தலையாட்டி "யெஸ், யெஸ்" எண்டிருக்கிறா. வீட்டுக்கு வந்தவையிட்ட இல்லையெண்டு சொல்லிப் பழக்கமில்லாத மனுசி. நான் இறங்கி வர எல்லாம் முடிஞ்சுது. 68 வயசில கொலை மிரட்டல் வழக்கு. இந்த வீட்டுக்கு வரக்கூடாது, பேரனோட கதைக்கக்கூடாது எண்டு நிபந்தனை.

அதால அம்மா வந்திறங்கின அண்டே சொல்லி வையும்: விளங்காட்டி "தமிழ்" எண்டு மட்டும் சொல்லச் சொல்லி. மொழிபெயர்ப்பாளரைக் கேக்க வேணும், பக்கத்து வீட்டுப் பெடியனை வைச்சுச் சமாளிக்கக் கூடாது. பிடிச்சால் உடன லோயரோட கதைக்க உரிமையிருக்கு, டியூட்டி கவுன்சல் எண்டுற இலவச லோயர்மார் எந்த நேரமும் போனில வருவினம். நான் முறைப்பாடு குடுக்கேல்லை, விடுங்கோ எண்டு கெஞ்சிப் பார்த்தனான். அது கிரவுனின்ர, அதாவது அரச வழக்கறிஞற்ற முடிவாம், வீட்டுக்காரற்ற கையில இல்லை.

எங்கட ஆக்கள் சிலபேர் இருக்கினம், நீதிமன்றப் படி மிதிச்சிருக்க மாட்டினம், எல்லாத்துக்கும் "குற்றத்தை ஒத்துக்கொண்டு கையெழுத்தைப் போட்டிட்டு வாங்கோ" எண்டுவினம். போட்டிருந்தால் அம்மாவின்ர விசா என்னவாகியிருக்கும்? டோனட் கடையில நிண்டு பழகின இங்கிலீசோட நானே ஒவ்வொரு தவணைக்கும் போய் நிண்டனான். கடைசியில கிரவுன் வழக்கை மீளப் பெற்றது.

பிள்ளையைத் திருத்த மெல்லத் தட்டலாமோ எண்டும் கேட்டிருந்தீர். 2004இல கனடா உச்ச நீதிமன்றம் 2 வயசுக்குக் கீழேயும் 12க்கு மேலேயும் கை வைக்கேலாது, தலையிலயோ பொருளாலயோ அடிக்கேலாது எண்டு தீர்ப்புச் சொன்னது. அகப்பை பொருள்தான். தொடாமல் விடும்.

11 கிழமை அண்ணா வீட்டு பேஸ்மென்டில இருந்தவ அம்மா. திரும்பி வந்த இரவு மகன் வழக்கம்போல வாயை இறுக்கி மூடினான். அவ ஒண்டும் பேசேல்லை. பிட்டு ஆறும்வரைக்கும் கோப்பையோட அவனுக்கு முன்னால நிண்டா. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டா, "இப்ப என்ன சொல்லலாம், பிள்ளை?"