ஹெச்பி பங்கும் அதன் பிள்ளைகளும்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஹெச்பியைச் சுற்றியே இருக்கின்றன. பிரிப்பு, இணைப்பு, மறுபடியும் பிரிப்பு என்று அந்த நிறுவனம் செய்து பார்க்காதது குறைவு. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஹெச்பிக்யூ, ஹெச்பிஇ இரண்டும் ஒரே நிறுவனம்தானே?

இல்லை. 2015 நவம்பர் 1 முதல் இரண்டும் தனித்தனி. கணினியும் பிரிண்டரும் விற்பது ஹெச்பி இன்க். சந்தைக் குறி ஹெச்பிக்யூ. சர்வர், ஸ்டோரேஜ், நெட்வொர்க் விற்பது ஹெச்பி என்டர்பிரைஸ், குறி ஹெச்பிஇ. ஒன்றின் அறிக்கையைப் படித்துவிட்டு மற்றதை வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆர்டர் போடும் முன் குறியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

பழைய வரைபடத்தில் 27 டாலர் அளவில் இருந்த ஹெச்பி, மறுநாளே 14-க்குக் கீழே போயிருக்கிறது. இப்படிப்பட்ட பங்கை எப்படி நம்புவது?

தேதியைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். நீங்கள் சொல்வது பிரிப்புக்கு முந்தைய வெள்ளிக்கிழமையும் அடுத்த திங்கட்கிழமையும். அந்தத் திங்களன்று ஒவ்வொரு பழைய பங்குக்கும் ஒரு ஹெச்பிஇ பங்கு கையில் வந்துவிட்டது. அதன் விலையும் ஏறக்குறைய 14 டாலர். இரண்டையும் கூட்டினால் பழைய 27 டாலர் அங்கேயே இருக்கிறது. சில தளங்கள் பழைய விலைகளைப் பிரிப்புக்கு ஏற்றபடி திருத்திக் காட்டும், சில அப்படியே விட்டுவிடும். ஒரே நாளில் பாதியாகும் எந்தப் பங்கைப் பார்த்தாலும் முதலில் பிரிப்புத் தேதியைத் தேடுங்கள்.

என்னிடம் பிரிப்புக்கு முன் 100 பங்குகள் இருந்தன. இப்போது கணக்கில் என்னென்னவோ பெயர்கள். எது எங்கிருந்து வந்தது?

100 ஹெச்பிக்யூ, 100 ஹெச்பிஇ. இது 2015. 2017 ஏப்ரலில் ஹெச்பிஇ தன் ஐடி சேவைப் பிரிவைக் கழற்றி சிஎஸ்சி என்ற இன்னொரு ஐடி சேவை நிறுவனத்தோடு இணைத்தது, டிஎக்ஸ்சி பிறந்தது. ஒரு ஹெச்பிஇ பங்குக்கு 0.085904 டிஎக்ஸ்சி. நூறுக்கு 8.59 வரும், 8 பங்கு கணக்கில் ஏறும், மிச்சப் பின்னம் ரொக்கமாக வரும். அதே ஆண்டு செப்டம்பரில் மென்பொருள் பிரிவு மைக்ரோ ஃபோகஸ் என்ற பிரிட்டிஷ் மென்பொருள் நிறுவனத்துக்குப் போனது, விகிதம் 0.13732611. அதாவது 13 டெபாசிட்டரி பங்கும் (வெளிநாட்டுப் பங்குக்கு ஈடாக அமெரிக்கச் சந்தையில் வர்த்தகமாவது) கொஞ்சம் ரொக்கமும். 2018 ஜூனில் டிஎக்ஸ்சி தன் அமெரிக்க அரசுத் துறை வேலைகளை பெர்ஸ்பெக்டா என்று தனியே பிரித்தது, இரண்டுக்கு ஒன்று. உங்கள் 8-க்கு 4. பெர்ஸ்பெக்டாவை 2021-ல் வெரிடாஸ் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனம் பங்குக்கு 29.35 டாலர் ரொக்கம் கொடுத்து வாங்கிவிட்டது. மைக்ரோ ஃபோகஸ் தன் சூசே பிரிவை விற்ற பணத்தைத் திருப்பித் தந்தபோது பங்குகளை ஒருங்கிணைத்ததால் உங்கள் 13 அங்கே குறைந்திருக்கும். மீதியை 2023 ஜனவரியில் ஓப்பன்டெக்ஸ்ட் என்ற மென்பொருள் நிறுவனம் பங்குக்கு 532 பென்ஸ் விலையில் எடுத்துக்கொண்டது.

வாங்கிய விலையைப் பிரிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 100 பங்கை 2,000 டாலருக்கு வாங்கினீர்கள் என்று வையுங்கள். பிரிப்புக்குப் பின் தாய்ப் பங்கு 12, பிள்ளைப் பங்கு 8 என்று வர்த்தகமானால் அடக்க விலையும் 60-க்கு 40: தாய்க்கு 1,200, பிள்ளைக்கு 800. பிள்ளைப் பங்கு இலவசமாக வந்தது என்று அடக்க விலை பூஜ்யம் போட்டால், விற்கும்போது இல்லாத லாபத்துக்கு வரி கட்டுவீர்கள். விகிதத்தை நீங்களாக ஊகிக்க வேண்டாம். ஒவ்வொரு பிரிப்புக்கும் நிறுவனம் படிவம் 8937 என்ற அமெரிக்க வரிப் படிவத்தை வெளியிடும், அதில் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் படிவத்தை எடுத்து வையுங்கள். ஐந்து வருடம் கழித்துத் தேடினால் நிறுவனத்தின் தளமே மாறியிருக்கும்.

சேவைப் பிரிவை ரொக்கத்துக்கு விற்றிருக்கலாமே? எதற்கு இந்தச் சுற்றுவழி?

வரிக்காக. லாபத்தில் விற்றால் நிறுவனம் வரி கட்ட வேண்டும். பிரிவைத் தனி நிறுவனமாக்கி, பங்கைத் தன் பங்குதாரர்களுக்கே கொடுத்து, கையோடு இன்னொரு நிறுவனத்தோடு இணைத்தால் வரி இல்லை. ரிவர்ஸ் மாரிஸ் டிரஸ்ட் என்பார்கள். 1966-ல் வந்த ஓர் அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து வந்த பெயர். ஒரே கண்டிப்பு, இணைந்த நிறுவனத்தில் தாய் நிறுவனப் பங்குதாரர்களின் கை பாதிக்கு மேல் இருக்க வேண்டும். டிஎக்ஸ்சியிலும் மைக்ரோ ஃபோகஸிலும் ஹெச்பிஇ பங்குதாரர்களுக்கு 50.1 சதவீதம் கிடைத்ததன் ரகசியம் இதுதான்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. பங்காளி நம்மைவிடச் சிறியவனாக இருந்தால்தான் கணக்கு தேறும். அதனால் தொழிலை நன்றாக நடத்தக்கூடியவர் யார் என்ற கேள்வி இரண்டாவது இடத்துக்குப் போய்விடுகிறது. மைக்ரோ ஃபோகஸின் வருமானம் அப்போது 140 கோடி டாலர் சுமார்; அது வாங்கிக்கொண்ட பிரிவின் வருமானம் 300 கோடிக்கு மேல். போதாததற்குக் கிளம்பும்போது பிள்ளை கடன் வாங்கித் தாய்க்கு ரொக்கம் கொடுக்கிறது: டிஎக்ஸ்சி பக்கம் 150 கோடி டாலர், மைக்ரோ ஃபோகஸ் பக்கம் 250 கோடி. அந்தக் கடனுக்கு வட்டி கட்டுவது புதிய நிறுவனத்தின் பங்குதாரர், அதாவது பாதிக்கு மேல் நீங்களே.

மைக்ரோ ஃபோகஸ் 2018 மார்ச்சில் ஒரே நாளில் பாதி விலை இழந்தது ஏன்?

வருமானம் சொன்னதைவிட வேகமாகச் சரிகிறது என்று அறிவித்தார்கள், தலைமை அதிகாரியும் அன்றே விலகினார். அவர்களே சொன்ன காரணங்களில் முக்கியமானவை இரண்டு: புதிய ஐடி அமைப்புக்கு மாறியதில் வந்த கோளாறு, விற்பனை ஆட்கள் வெளியேறியது. பில் போடும் அமைப்பு தடுமாறினால் புதுப்பிப்பு ஒப்பந்தம் தள்ளிப்போகும். வாடிக்கையாளரை அறிந்த ஆளும் போய்விட்டால் தள்ளிப்போனது திரும்பி வராது. தலைக்கு மேல் கடன் இருக்கும்போது இந்தத் தாமதத்தைத் தாங்க முடியாது. கடனை மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் இணைப்பு அறிவிப்பில் அதுதான் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

மறுசீரமைப்புச் செலவு ஒருமுறை வருவதுதானே? அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஹெச்பி நல்ல லாபத்தில் இருந்ததே?

இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. ஒருமுறை என்றால் ஒரு முறை. ஹெச்பி 2012 மே மாதத்தில் 27,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. செலவு சுமார் 350 கோடி டாலர் என்றது. செப்டம்பரில் அது 29,000. 2013 முடிவில் 34,000. 2014 மே மாதம் 50,000 வரை. அக்டோபரில், பிரிப்பை அறிவித்த அதே நேரத்தில், 55,000. அது முடிவதற்குள் 2015 செப்டம்பரில் என்டர்பிரைஸ் பக்கம் இன்னும் 25,000 முதல் 30,000 வரை. நான்கு ஆண்டு தொடர்ந்து வரும் செலவு, வாடகை, மின்கட்டணம் மாதிரி தொழில் நடத்தும் செலவுதான்.

2012 நிதியாண்டைப் பாருங்கள். சரிசெய்த கணக்கில், அதாவது ஒருமுறைச் செலவு என்பவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பங்குக்கு 4.05 டாலர் லாபம். கணக்கியல் விதிப்படி அதே ஆண்டு, அதே நிறுவனம், பங்குக்கு 6.41 டாலர் நட்டம். இடைவெளி பத்து டாலருக்கு மேல். இதில் பெரும்பகுதி குட்வில் (ஒரு கம்பெனியை வாங்கும்போது அதன் சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த விலை) எழுதித் தள்ளியது என்பது உண்மை. ஆனால் அந்தக் குட்வில்லும் பங்குதாரர் பணத்தில் வாங்கியதுதானே? அதைச் சேர்க்காமல் பார்த்தால், வாங்கிய கம்பெனியின் லாபமெல்லாம் கணக்கில் வரும், வாங்கக் கொடுத்த விலை எங்குமே வராது.

செய்ய வேண்டியது அரை மணி நேர வேலை. ஆண்டறிக்கையின் குறிப்புகளில் மறுசீரமைப்பு என்ற தலைப்பில் ஓர் அட்டவணை இருக்கும்: ஆண்டுத் தொடக்க நிலுவை, இந்த ஆண்டு சேர்த்த செலவு, ரொக்கமாகக் கொடுத்தது, இறுதி நிலுவை. ரொக்கம் என்ற வரியை மட்டும் ஐந்து ஆண்டுக்கு எடுத்து எழுதிக் கூட்டுங்கள். ஐந்தால் வகுங்கள். அதை ஒவ்வோர் ஆண்டின் சரிசெய்த லாபத்திலிருந்தும் கழியுங்கள். அதன் பிறகும் லாபம் நன்றாக இருந்தால் பேசலாம். இறுதி நிலுவை ஆண்டுதோறும் குறையாமலே இருந்தால், பழைய திட்டம் முடியும் முன் அடுத்ததைத் தொடங்குகிறார்கள் என்று பொருள். பிரிப்பு ஆண்டில் இன்னொன்றும் பாருங்கள்: அந்த நிலுவை எந்தப் பிள்ளையின் தலையில் இறக்கப்பட்டது என்று.

ஹெச்பி வாங்கிய ஆட்டானமி என்ற மென்பொருள் நிறுவனத்துக்காக 2012-ல் 880 கோடி டாலர் தள்ளுபடி செய்தபோது ரொக்கம் வெளியே போனதா?

போகவில்லை. ரொக்கம் 2011-லேயே போய்விட்டது, சுமார் 1,100 கோடி. 2012-ல் நடந்தது, கொடுத்த விலைக்குப் பொருள் இல்லை என்று ஏட்டில் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு, 2008-ல் சுமார் 1,400 கோடிக்கு வாங்கிய இடிஎஸ் என்ற ஐடி சேவை நிறுவனம் கலந்திருந்த சேவைப் பிரிவிலும் 800 கோடி இப்படிப் போனது.

புதிய பிரிப்புக்கான படிவம் 10 (பிரியும் நிறுவனம் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தில் தாக்கல் செய்யும் பதிவு ஆவணம்) வந்திருக்கிறது. முழுவதும் படிக்க நேரமில்லை. எந்தப் பக்கம்?

நேரமில்லை என்றால் பணம் போடுவதையும் தள்ளி வையுங்கள். குறைந்தபட்சம் உத்தேச இருப்புநிலைக் குறிப்பை (பிரிந்த பிறகு சொத்தும் கடனும் எப்படி இருக்கும் என்ற கணக்கை) படியுங்கள். அதன் அடிக்குறிப்பில்தான் புதிய கடன் எவ்வளவு, அதில் தாய்க்குப் போவது எவ்வளவு என்று இருக்கும். 2015 பிரிப்புக்கு ஒரு மாதம் முன் ஹெச்பி என்டர்பிரைஸ் 1,460 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட்டது. பெரும்பகுதி பழைய ஹெச்பியின் கடனை அடைக்கத்தான் போனது. அடுத்து இடைக்காலச் சேவை ஒப்பந்தம்: சம்பளப் பட்டுவாடா, ஐடி, கணக்கு ஆகியவற்றை எத்தனை மாதம் தாய் செய்து தரும், என்ன விலைக்கு? ஓய்வூதியப் பொறுப்பு யாரிடம்? கடைசியாக, அதில் இருக்கும் பழைய லாப நட்டக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். தலைமையகச் செலவை வருமான விகிதத்திலோ ஆள் கணக்கிலோ பங்கு போட்டு உருவாக்கிய கணக்கு அது. தனியாக நடக்கும் நிறுவனத்துக்குச் செலவு பெரும்பாலும் அதைவிட அதிகம்.

பிரிந்தால் மதிப்பு கூடும் என்கிறார்களே?

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். தோஷிபா 2021-ல் மூன்றாகப் பிரிவதாகச் சொன்னது, பிறகு இரண்டு என்றது. 2022 மார்ச்சில் பங்குதாரர்களே அதை நிராகரித்தார்கள்.

சிறிதாக வேண்டும் என்று பிரிந்த ஹெச்பிஇ, நெட்வொர்க் நிறுவனமான ஜூனிபரை 1,400 கோடி டாலருக்கு ஏன் வாங்கியது?

சர்வரில் லாப விகிதம் குறைவு, நெட்வொர்க்கில் அதிகம். காரணம் நியாயமானதுதான். அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டு, சமரசமாகி, 2025 ஜூலை 2-ல் முடிந்தது. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு. பணம் திரட்டியதில் 150 கோடி டாலர் கட்டாயமாகச் சாதாரணப் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்கு. அது மாறும்போது உங்கள் பங்கின் விகிதம் சுருங்கும், ஆகவே பங்குக்கான லாபத்தை மாறிய பிறகான எண்ணிக்கையில் கணக்கிடுங்கள். இரண்டாவது, மூன்று ஆண்டுக்குள் 45 கோடி டாலர் செலவு மிச்சம் என்று அறிவித்திருந்தார்கள். அதை அடையச் செய்யும் செலவு மறுசீரமைப்பு அட்டவணையில்தான் வரும். இணைப்பு முடியும் முன்பே, 2025 மார்ச்சில், ஹெச்பிஇ தனியாக 2,500 பேரைக் குறைக்கும் திட்டத்தை அறிவித்திருந்தது. இரண்டின் செலவும் ஒரே அட்டவணையில் கலந்துவிட்டால் எது எதற்கென்று பிரிப்பது கடினம். இந்தக் காலாண்டிலிருந்தே தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.