லோயர் ஆர்ம் மாற்றியும் 'டொக் டொக்' சத்தம்: ரேக்கை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என்னுடையது பெட்ரோல் ஹேட்ச்பேக் கார், 72,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் 'டொக் டொக்' என்று கேட்டதால், எட்டு மாதத்துக்கு முன் இரண்டு பக்கமும் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை) மாற்றினேன். இப்போது மறுபடி அதே சத்தம். வண்டி லேசாக இடப்பக்கம் இழுக்கிறது. இடது முன் டயரின் உள்விளிம்பும் தேய்ந்திருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்டியரிங் ரேக் (ஸ்டியரிங் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பகுதி) அசெம்பிளியையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். முன்பக்கச் சத்தத்துக்கு ரேக் கடைசிச் சந்தேகமாகத்தான் இருக்க வேண்டும். அந்த வேலையிலேயே விலை கூடிய பொருளும் அதுதான். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் முதல் சந்தேகம் எட்டு மாதத்துக்கு முன் மாட்டிய லோயர் ஆர்ம் புஷ் மேலேயே விழுகிறது. புஷ் தரமில்லாமல் இருந்திருக்கலாம். அதைவிட அதிகம் நடப்பது, நல்ல புஷ்ஷைத் தவறாக முறுக்குவது.

லோயர் ஆர்மை வண்டியின் சப்ஃப்ரேமோடு (முன்பக்க அடிச்சட்டம்) சேர்க்கும் இடத்தில் இருப்பது ரப்பர் புஷ். இதன் நடுவிலுள்ள இரும்புக் குழாய் ரப்பரோடு ஒட்டியே இருக்கும். போல்ட்டை முறுக்கியதும் அந்தக் குழாய் சப்ஃப்ரேமோடு இறுகிவிடும். அதன்பிறகு ஆர்ம் ஏறி இறங்குவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் நடக்கிறது. வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரம் கீழே தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முழுதாக முறுக்கிவிட்டால் என்ன ஆகும்? வண்டியைத் தரையில் இறக்கியதுமே ஆர்ம் மேலே வந்து, ரப்பர் ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிக்கொள்ளும். சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கு விடுவதில்லை. இதில் பள்ளமும் சேர்ந்தால் சில மாதங்களிலேயே ரப்பர் குழாயை விட்டுக் கிழிந்துவிடும். பிரேக் பிடிக்கும்போது ஆர்ம் பின்னால் நகரும். சத்தமும் வரும், டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறி டயரும் தேயும், ஸ்டியரிங்கும் ஒருபக்கம் போகும். உங்கள் மூன்று புகாருக்கும் இந்த ஒரே காரணம் போதும்.

இன்னொரு எதிரியும் உண்டு. வாட்டர் வாஷ் முடிந்ததும் துருப்பிடிக்காமல் இருக்க என்று அடிப்பக்கம் டீசலோ பழைய ஆயிலோ அடித்துவிடுவார்கள். ரப்பர் அதில் ஊறி, உப்பி, மிருதுவாகிவிடும். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எது போயிருக்கிறது என்று எப்படிப் பிரிப்பது?

பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கம் இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்புமாறு தூக்கி, பாடியின் ஜாக்கி பாயின்ட்டில் ஸ்டாண்டு வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

சக்கரத்தைக் கடிகாரத்தின் 3, 9 எண்கள் இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டினால் டை ராடு எண்ட் (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் வெளிமுனை ஜாயின்ட்) அல்லது அதற்கு உள்ளே இருக்கும் ரேக் எண்ட் ஆட்டம் தெரியும். ஒருவர் ஆட்ட, இன்னொருவர் ஜாயின்ட் மேல் விரல் வைத்துப் பார்த்தால் எது என்று பிரித்துவிடலாம். ரேக் எண்ட் 'பூட்' என்ற ரப்பர் உறைக்குள் மறைந்திருப்பதால் அந்த உறையை அழுத்திப் பிடித்துப் பார்க்க வேண்டும். 12, 6 இடத்தில் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் அது ஆர்மின் வெளிமுனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டாகவும் இருக்கலாம், வீல் பேரிங்காகவும் இருக்கலாம். ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் அல்லது நக்கிளை (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புப் பகுதி) பிடித்திருக்கும் போல்ட்டுகள்.

புஷ்ஷைப் பார்க்க ஒரு நீளமான நெம்புகோல் போதும். ஆர்முக்கும் சப்ஃப்ரேமுக்கும் நடுவே கொடுத்து லேசாக நெம்புங்கள். ரப்பரில் மேலோட்டமான வெடிப்பு பரவாயில்லை. குழாயை விட்டுப் பிரிந்திருந்தாலோ ஆர்ம் 'டக்' என்று நகர்ந்தாலோ போய்விட்டது என்று அர்த்தம். ஓட்டிப் பார்ப்பதானால், காலி இடத்தில் மெதுவாக முன்னால் போய் பிரேக், பின்னால் வந்து பிரேக். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு 'டொக்' கேட்டால் அநேகமாக ஆர்ம் புஷ்தான்.

சின்னச்சின்ன மேடுபள்ளத்தில், 15–20 கி.மீ. வேகத்தில், 'கடகட' என்று தொடர்ந்து கேட்டால் ஸ்டெபிலைசர் பாரின் (திருப்பத்தில் வண்டி அதிகம் சாயாமல் தடுக்கும் கம்பி) லிங்க் ராடைப் பாருங்கள். இதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி, இரண்டு பக்க லிங்க் ராடையும் தற்காலிகமாகக் கழற்றி, தொங்காமல் கட்டி வைத்துவிட்டு, அதே தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்ப்பது. சத்தம் நின்றால் லிங்க் அல்லது பார் புஷ். திருப்பங்களில் வண்டி அதிகம் சாயும் என்பதால் இப்படி மெயின் ரோட்டுக்குப் போகாதீர்கள்.

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது 'டங்' என்று ஸ்பிரிங் துள்ளினால் மேலேயுள்ள ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த பகுதி) மவுண்ட் பேரிங். ஸ்ட்ரட்டில் ஆயில் வழிந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். பம்ப் ஸ்டாப்பும் டஸ்ட் கவரும் புதிதாகப் போடுங்கள். ஸ்பிரிங் கம்ப்ரஸர் மாட்டாமல் ஸ்ட்ரட்டின் நடு நட்டைத் தொடவே கூடாது. உயிருக்கு ஆபத்து.

இத்தனையும் பார்த்த பிறகுதான் ரேக். வண்டி தரையில் நிற்க, இஞ்சின் ஓட, ஸ்டியரிங்கை நடுவில் இருந்து இரண்டு விரற்கடை இடமும் வலமும் வேகமாக ஆட்டச் சொல்லி, ஒருவர் ரேக் மேல் கை வைத்துப் பார்க்கட்டும். அதற்கு முன் ஸ்டியரிங் ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜாயின்ட்டையும் அதன் போல்ட்டையும் பாருங்கள். அங்கே லூஸ் இருந்தாலும் சத்தம் ரேக்கில் இருந்து வருவது போலவே இருக்கும். சில ரேக்குகளில், உள்ளே ரேக்கை அழுத்திப் பிடிக்கும் கைடை அட்ஜஸ்ட் செய்ய ஸ்க்ரூ இருக்கும். அளவுக்கு மேல் முறுக்கினால் திருப்பத்துக்குப் பின் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. ரேக் பூட் மட்டும் கிழிந்து, உள்ளே துரு இல்லை என்றால் பூட்டை மாற்றினால் போதும்.

வேலை நடக்கும்போது எதைக் கவனிப்பது?

புஷ் மாற்றும்போது போல்ட்டுகளைக் கையால் மாட்டி, பாதி இறுக்கத்தில் விடச் சொல்லுங்கள். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டு, பிட்டில் (வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யும் குழி) நின்று டார்க் ரென்ச்சால் மேனுவலில் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். பிட் இல்லையென்றால், ஸ்டாண்டில் நிற்கும்போதே பால் ஜாயின்ட்டுக்கு அருகே ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, அந்தப் பக்கம் ஸ்டாண்டை விட்டு எழும்ப ஆரம்பிக்கும்வரை உயர்த்தி முறுக்கலாம். புஷ்ஷை மட்டும் பிரஸ்ஸில் அடித்து மாற்றினால், ரப்பரில் உள்ள வெற்றிடம் பழைய புஷ்ஷில் எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் வர வேண்டும். கழற்றும் முன் ஆர்மில் கோடு போட்டுக்கொள்வது நல்லது.

செல்ஃப் லாக் நட், ஸ்பிளிட் பின் எல்லாம் புதிதாக. ஸ்பிளிட் பின்னுக்கான துளை நேராக வரவில்லை என்றால் நட்டைத் தளர்த்திச் சேர்க்கக் கூடாது. கொஞ்சம் கூடுதலாக முறுக்கித்தான் சேர்க்க வேண்டும். டை ராடு எண்டைக் கழற்றும்போது ஸ்டட் மேல் அடித்தால் மரை நசுங்கும். நட்டைச் சில மரை விட்டுவைத்து, நக்கிளின் காதில் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினால் விட்டுக்கொடுக்கும். எத்தனை சுற்றில் கழன்றதோ அத்தனை சுற்றில் புதியதை மாட்டினால் அலைன்மென்ட் சென்டர் வரை ஓட்டிப் போகலாம். பிரேக் காலிப்பரைக் கழற்றினால் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியில் கட்டுங்கள்.

அலைன்மென்ட்டை எல்லா வேலையும் முடிந்தபின் செய்யுங்கள். புஷ் ஆடும் வண்டிக்கு எத்தனை முறை அலைன்மென்ட் செய்தாலும் அந்தக் காசு வீண். நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும், டிக்கியில் மூட்டை இருக்கக் கூடாது. இந்த வகைச் சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் முன்பக்கம் டோவை மட்டுமே சரிசெய்ய முடியும். கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) சிவப்பில் வந்தால் ஆர்மோ ஸ்ட்ரட்டோ நக்கிளோ வளைந்திருக்கிறதா, சப்ஃப்ரேம் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டோ திருத்தும்போது ரேக் பூட்டின் கிளிப்பைத் தளர்த்தாவிட்டால் பூட் முறுக்கிக்கொண்டு கிழியும். முன், பின் அளவு இரண்டும் உள்ள பிரின்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

அதன்பிறகும் இடப்பக்கம் இழுத்தால், முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். சுழல்திசை அம்புக்குறி உள்ள டயரில் மட்டும் இது கூடாது. இழுப்பு வலப்பக்கம் மாறினால் குறை டயரில்தான். பிரேக் அதிகம் பிடிக்காமல் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, இடது சக்கரத்தருகே கையைக் கொண்டுபோனால் வலதை விடச் சூடு அடிக்கிறதா? அப்படியானால் காலிப்பர் ஒட்டுகிறது. நம் சாலைகள் மழைநீர் வடிய இடது ஓரத்துக்குச் சரிந்திருப்பதால் மிக லேசான இடப்பக்க நகர்வு எல்லா வண்டியிலும் இருக்கும். அதைத் தட்டையான இடத்தில் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சோதனையில் பால் ஜாயின்ட்டிலோ டை ராடு எண்டிலோ ஆட்டம் தெரிந்தால், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதை மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள். லிங்க் ராடு சத்தம் சில வாரம் பொறுக்கும். பால் ஜாயின்ட்டோ டை ராடு எண்டோ கழன்றால் சக்கரம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது.