வேலை செய்யும் இடத்தில் கெட்ட வார்த்தை பேசலாமா?

"புது வேலை. சுற்றி எல்லோரும் சகட்டுமேனிக்குக் கெட்ட வார்த்தை பேசுகிறார்கள். நானும் பேசலாமா, இல்லை புகார் செய்ய வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்தது. எங்கள் பட்டறையில் கெட்ட வார்த்தை இல்லாமல் ஒரு நட்டுகூடக் கழலாது.

சேர்ந்த முதல் வாரம் கன்வேயர் நின்றுவிட்டது. அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்த ஃபோர்மேனுக்கு ஸ்பேனர் வழுக்கி விரலில் அடி. சுத்தமான தமிழில் ஒரு வார்த்தை சொன்னார். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் விழுகிற அதே வார்த்தை. எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. "அண்ணாச்சி, நீங்க தமிழா?" என்றேன். அவருக்கு நான் கேட்டதே புரியவில்லை. டர்பனில் இந்திய வம்சத்தார் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர், வீட்டில் ஆங்கிலம்தான். தாத்தா, ஆயா, அக்கா, மாமா என்ற முறைகள் இருக்கின்றன. காவடி இருக்கிறது, ஆடிக் கூழ் இருக்கிறது. ஆனால் ஒரு முழு வாக்கியம் வராது. வசவு மட்டும் நான்கைந்து தலைமுறை தாண்டியும் உச்சரிப்புப் பிசகாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் தெரியுமா என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "கோபம் வந்தா சொல்றது" என்றார். அர்த்தத்தைச் சொன்னேன். இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மறுபடியும் அதே ஸ்பேனர், அதே வார்த்தை.

இதை நான் குற்றமாக நினைக்கவில்லை. ஸ்பேனருக்கு மானம் போகாது. இங்கே மூன்று நான்கு மொழிக்காரர்கள் ஒன்றாக வேலை செய்கிறோம், ஒவ்வொருவருக்கும் சுடுகிற இடம் வேறு. 'வூட்செக்' என்பது நாயை விரட்டும் ஆஃப்ரிக்கான்ஸ் சொல். நண்பர்களுக்குள் அதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். தெரியாத ஒருவரைப் பார்த்துச் சொன்னால் கதையே வேறு. ஜூலு மொழியில் 'உன்யோக்கோ' என்றால் 'உன் அம்மா', அவ்வளவுதான் அர்த்தம். ஆனால் அதைச் சொல்லிப் பாருங்கள், சட்டையைப் பிடித்துவிடுவார்கள். தாயை இழுத்தால் தாங்காது என்பதில் அவர்களும் நம்மைப் போலத்தான். (மருமகள் மாமனார் பெயரை மட்டுமல்ல, அந்தப் பெயரின் ஓசை வரும் மற்ற சொற்களையும் தவிர்க்கிற 'ஹ்லோனிப்பா' என்ற வழக்கம் ஜூலு வீடுகளில் உண்டு. புருஷன் பெயரைச் சொல்லாத என் பாட்டி இங்கே வந்திருந்தால் நன்றாக ஒட்டிக்கொண்டிருப்பாள்.)

சட்டமும் கெட்ட வார்த்தைப் பட்டியல் எதையும் கையில் வைத்துக்கொண்டு உட்காரவில்லை. ருஸ்டன்பர்க் பக்கத்துப் பிளாட்டினச் சுரங்கம் ஒன்றில் கார் நிறுத்துவதில் தகராறு. வெள்ளைக்கார ஊழியர் ஒருவர் கூட்டம் நடக்கிற அறைக்குள் நுழைந்து, பக்கத்தில் நிற்கும் அந்தக் 'கறுப்பு ஆளின்' வண்டியை எடுக்கச் சொல்லுங்கள் என்று ஆஃப்ரிக்கான்ஸில் சத்தம் போட்டார். வேலை போனது. அதிலே எந்தச் சொல் கெட்ட சொல்? கீழே மாறி மாறித் தீர்ப்பு வந்து, கடைசியில் 2018-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் வேலைநீக்கம் சரிதான் என்றது. கூட வேலை செய்கிறவரைத் தோல் நிறத்தால் மட்டும் சுட்டியது இந்த நாட்டு வரலாற்றில் எப்படி ஒலிக்கும் என்று பார்த்தார்கள்.

என் கண்முன் நடந்ததும் உண்டு. பழைய மேலாளர் ஒருவர் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. கறுப்பின மக்கள் வாழும் உம்லாசியிலிருந்து வந்த பயிற்சிப் பையன் ஒருவனிடம் காலைக் கூட்டத்தில் வைத்து, "உங்க ஆட்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது" என்றார். 'உங்க ஆட்கள்.' பட்டறையே அமைதியாகிவிட்டது. சங்கப் பிரதிநிதி புகார் எழுதினார், மேலாளருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அன்றைக்கும் ஃபோர்மேன் கன்வேயரை வாய் கூசாமல் திட்டிக்கொண்டுதான் இருந்தார். அதைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை.

சரி, இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

ஊரில் தம்பி வீட்டுக்கு மாடி எடுத்துக்கொண்டிருந்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் கத்தினேன்: "நாலு கூலி எதுக்குடா, ரெண்டு கூலி போதும். கூலியைச் சனிக்கிழமை கொடு." எதிர் மேசையில் ஸ்டோர் ஆன்ட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கியவர், அவரும் தமிழ் வம்சம்தான். மறுநாள் கையுறை வாங்கப் போனால், "ஃபார்ம் நிரப்பிக் கொண்டு வா." மூன்று வருஷமாக ஃபார்ம் இல்லாமல் எடுத்துக் கொடுத்தவர்.

ஒரு வாரம் கழித்து ஃபோர்மேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்: இங்கே 'கூலி' என்பது இந்தியரை இழிவாகச் சொல்லும் வசவு. "அது சம்பளத்துக்கு எங்க ஊர் வார்த்தை அண்ணாச்சி, ஒரு தப்பும் இல்லை" என்று குதித்தேன். "என் வார்த்தைக்கு நீ அர்த்தம் சொன்னாயே, உன் வார்த்தைக்கு நான் சொல்றேன்" என்றார்.

அவர் சொன்னதில் பாதி எனக்கு ஏற்கெனவே தெரியும், ஆனால் படித்துத் தெரிந்தது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்தது. 1911 வரை 1,52,000 பேருக்கு மேல் கரும்புத் தோட்டத்துக்கும் மற்ற வேலைகளுக்கும் வந்தார்கள், பெரும்பகுதி சென்னையில் கப்பலேறியவர்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். வாங்குகிற காசின் பெயரையே ஆளுக்கு வைத்துவிட்டார்கள். (அந்தச் சொல் குஜராத்தின் கோலி என்ற சாதிப் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. அதனால் வலி குறைந்துவிடாது.) வியாபாரியும் கூலி, வாத்தியாரும் கூலி, 1893-ல் வந்து இறங்கிய காந்தி 'கூலி பாரிஸ்டர்'. நம் பெயர்களின் வாலில் இருக்கும் 'சாமி'யைப் பிய்த்தெடுத்து 'சாமி, இங்கே வா' என்று ஏவியதையும் காந்தி எழுதியிருக்கிறார். "சாமி என்றால் எஜமான். நான் உங்கள் எஜமான் இல்லையே" என்று சிலர் பதில் கொடுப்பார்களாம். இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஃபோர்மேனின் அப்பா அறுபது வயதில் தபால் ஆபீஸ் வரிசையில் நின்றபோதும் கவுன்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து 'கூலி' என்றுதான் கூப்பிட்டார்களாம். கூட நின்றிருந்தது இவர்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: முதல் ஆறு மாதம் வாயைத் திறக்காதீர்கள். எது யாரைச் சுடும் என்று காது கொடுத்துக் கேளுங்கள். இயந்திரத்தின் மேல் விழுகிற வார்த்தைக்குப் புகார் எழுதினால் நீங்கள்தான் கோமாளி. ஒருவர் பிறப்பை, நிறத்தை, உடம்பை, தாயைத் தொட்டால் தேதி, நேரம், உடன் இருந்தவர் பெயரோடு எழுதி வையுங்கள், எவ்வளவு நாகரிகமான மொழியில் சொல்லியிருந்தாலும். மேலே இருப்பவர் கீழே இருப்பவரைத் திட்டுவதை நான் எந்த நாளும் 'சும்மா' கணக்கில் சேர்க்க மாட்டேன், திருப்பிச் சொல்ல அவனால் முடியாது. இந்த நாட்டில் 2022 மார்ச்சில் வந்த பணியிடத் துன்புறுத்தல் தடுப்பு நெறிமுறை, சொன்னவருக்குப் புண்படுத்தும் நோக்கம் இருந்ததா என்று நிரூபிக்கத் தேவையில்லை என்கிறது. "நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை" என்பது முழுப் பதில் ஆகாது. எனக்கும்தான்.

ஆன்ட்டியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "எங்க ஊர்ல அதுக்குச் சம்பளம்னு அர்த்தம், ஆன்ட்டி."

"தெரியும்" என்றார். "எங்க முதல் தாத்தாவுக்கு மாசம் பத்து ஷில்லிங். பத்திரத்தில் இருக்கு." கொஞ்சம் பொறுத்து, "வீடு முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

இப்போதெல்லாம் போனில் 'சம்பளம்' என்றுதான் சொல்கிறேன். "கொத்தனாருக்கு என்னண்ணே சம்பளம், மாச வேலையா?" என்று தம்பி கேலி செய்கிறான். கையுறைக்கு மட்டும் இன்னும் ஃபார்ம் நிரப்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.