புகை எந்த வழியாகப் போகும்? மலைவீட்டில் கேஸ் கணப்பு: கேள்வி பதில்

மூணாறு, தேவிகுளம், பீருமேடு பக்கம் பழைய தோட்டத்துப் பங்களாக்களைக் குத்தகைக்கு எடுத்து விருந்தினர் விடுதி நடத்துகிற நம்மவர்கள் பலருக்கும் இப்போது ஒரே ஆசை. துரைமார் காலத்துக் கணப்பு மூடிக் கிடக்கிறது, அதில் விறகுக்குப் பதிலாக கேஸ் எரிய வேண்டும். நான் தோட்டத்துப் பராமரிப்பில் கொத்தனாராகக் கரணை பிடித்தவன். பிறகு 9 ஆண்டுகள் இங்கிலாந்தில் கேஸ் கணப்பு பொருத்தும் ஒருவரிடம் உதவியாளாக இருந்துவிட்டு ஊர் திரும்பினேன். நான் சொல்லும் அளவுகள் பெரும்பாலும் அங்கே கற்றவை.

தேவிகுளத்திலிருந்து ஒரு தங்கை: அண்ணே, அழகான கேஸ் கணப்பு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். முன்பணம் கொடுத்துவிடலாமா?

கொடுக்காதே, தங்கச்சி. எல்லாரும் தீயைத்தான் முதலில் வாங்குகிறார்கள், சிம்னியைக் கடைசியில் எட்டிப் பார்க்கிறார்கள். எந்த வகைக் கணப்பு உன் வீட்டுக்குப் பொருந்தும் என்பதைச் சிம்னிதான் முடிவு செய்யும்.

முதல் வேலை, அதைத் தூர்வாருவது. சென்ற ஆண்டு ஒரு பங்களாவில் அடைப்புப் பலகையைக் கழற்றியதும் இரண்டு சாக்குப் புகைக்கரி கொட்டியது. அதன் நடுவே மைனா கூடு, செத்த வௌவால், பீங்கான் தட்டில் பாதி. அந்தத் தட்டு எப்படி உள்ளே போனது என்று இன்றுவரை யோசிக்கிறேன். அந்தக் குப்பைக்குக் கீழே கேஸ் எரிந்திருந்தால் புகை முழுவதும் அறைக்குள்தான் திரும்பியிருக்கும்.

விறகுப் புகை கண்ணைக் கரிக்கும், நீயே எழுந்து ஓடிவிடுவாய். கேஸ் சரியாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், பிறகு உறக்கம். அந்த உறக்கத்திலிருந்து சிலர் எழுவதில்லை.

அதே தங்கை: தூர்வாரியாயிற்று. சிம்னி நன்றாக இழுக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கதவு, சன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, கணப்பின் வாயருகே ஊதுபத்தியைப் பிடி. புகை உள்நோக்கி வளைந்து மேலே ஏறினால் நல்ல அறிகுறி. ஆனால் அது முன்னோட்டம் மட்டுமே. சிம்னியைச் சற்றுச் சூடாக்கிவிட்டு அடர்ந்த புகை தரும் குளிகையை அடியில் கொளுத்துவதுதான் சரியான சோதனை. கொளுத்தியதும் ஒருவர் வெளியே நின்று கூரையைப் பார்க்க வேண்டும், இன்னொருவர் எல்லா அறைகளுக்கும் ஓட வேண்டும். உன்னுடையது போன்ற பங்களாக்களில் இரண்டு அறைக் கணப்புகள் முதுகோடு முதுகாக ஒரே சிம்னித் தூணில் ஏறும். நடுவில் உள்ள செங்கல் சுவரில் சாந்து உதிர்ந்திருந்தால் இந்த அறைப் புகை அடுத்த படுக்கையறையில் எட்டிப் பார்க்கும். அப்படி ஒரு நூல் புகை வந்தாலும் சிம்னிக்குள் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்காமல் கேஸ் வேண்டாம்.

தென்மேற்குப் பருவமழை முடிந்த உடனேயும் சோதிக்காதே. ஜூன் முதல் செப்டம்பர் வரை நனைந்த சிம்னி குளிர்ந்து கனத்துக் கிடக்கும், இழுக்காது. உச்சியில் மழைத்தொப்பியும் பறவை வலையும் போட்டு, சில வாரம் வெயில் காய்ந்த பிறகு பார்.

சூரியநெல்லியிலிருந்து ஒருவர்: எங்கள் பங்களாவின் தரை முழுக்க மரப்பலகை. கணப்பின் முன்னால் பழைய கல் உடைந்துவிட்டது. டைல்ஸ் ஒட்டினால் போதுமா?

பலகைமேல் நேரே டைல்ஸ் ஒட்டுவது கூடாது. பலகை மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். டைல்ஸ் இரண்டே பருவத்தில் விரிசல் விடும், விரிசல் வழியே சூடு மரத்தைத் தொடும்.

இங்கிலாந்தில் கேஸ் கணப்புக்கான தளம் எரியாத பொருளால், குறைந்தது 12 மில்லிமீட்டர் தடிப்பில் இருக்க வேண்டும். வாயிலிருந்து முன்னால் 300 மில்லிமீட்டர், இரு பக்கமும் 150 மில்லிமீட்டர் நீள வேண்டும். விறகுக்கு என்றால் அங்கே 125 மில்லிமீட்டர் தடிப்பு கேட்பார்கள். அதனால் பழைய விறகுக் கணப்பின் கல் முழுதாக இருந்தவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. உங்களுக்கு உடைந்துவிட்டது. பலகையை அந்த அளவுக்கு அறுத்தெடுத்து, கீழே கான்கிரீட் போட்டு, மேலே ஒன்றரை அங்குலக் கடப்பாக்கல்லோ கிரானைட்டோ பதியுங்கள். ஒரே பலகைக் கல்லாக இல்லாமல் இரண்டு மூன்று துண்டாக இருப்பது நல்லது. சூட்டில் ஒரே கல் விரிய இடமில்லாமல் நடுவில் பிளக்கும்.

தளத்தின் விளிம்பை 50 மில்லிமீட்டர் உயர்த்தச் சொல்வதை அலங்காரம் என்று நினைக்காதீர்கள். விருந்தினர் கம்பளத்தைக் குளிருக்கு நெருப்போரம் இழுத்துப் போடுவார்கள். அந்த விளிம்பு காலில் இடறி, இதற்கு மேல் வராதே என்று சொல்லும்.

மறையூரிலிருந்து ஒரு கொத்தனார் தம்பி: மேஸ்திரி, கணப்பைச் சுற்றிப் பூச்சு எப்படிப் பூசுவது? வீட்டுக்காரர் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கேட்கிறார், வழவழப்பாக இருக்குமாம்.

வழவழப்பாகத்தான் இருக்கும், முதல் குளிர்காலம் முடியும்வரை. ஜிப்சம் தன்னுள் நீரைக் கட்டி வைத்திருக்கிற பொருள். சூடு தொடர்ந்து பட்டால் அந்த நீர் போய்விடும், பூச்சு மாவாக உதிரும்.

முதலில் பழைய பூச்சைக் கரணைப் பிடியால் தட்டிக்கொண்டே போ. 'டொக் டொக்' என்று வெற்றொலி வருகிற இடமெல்லாம் சுவரைவிட்டுப் பிரிந்தது. அதைச் செங்கல் தெரியும்வரை கொத்து. அந்தக் காலத்துச் சுவர் கருங்கல்லும் மண்சாந்துமாக இருக்கலாம், அதன்மேல் வெறும் சிமென்ட் பூசினால் சுவர் மூச்சுவிடாது, ஓடு பெயர்வதுபோல் பெயரும். சிமென்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்ற கலவை சற்று இளகிக் கொடுக்கும். முதல் பூச்சு சொரசொரப்பாக, அது இறுகிய பிறகு இரண்டாவது. ஏழு நாள் தண்ணீர் தெளி. பிறகு அவசரப்படாமல் சில வாரம் காயவிடு. ஈரப் பூச்சின் முன்னால் தீ மூட்டினால் உள்ளே உள்ள நீர் ஆவியாகிப் பூச்சைத் தள்ளிவிடும்.

சிம்னியின் பழைய புகைக்கரி ஊறிய இடத்தில் எத்தனை கோட் வண்ணம் அடித்தாலும் மஞ்சள் கறை வெளியே வரும். அந்தப் பூச்சை முழுக்க எடுத்துவிடு, வேறு வழி இல்லை. தீ எரியும் குழியின் உட்பக்கம் தீச்செங்கல்லும் தீக்களிமண் சாந்தும்தான். தீச்செங்கல்லும் முகப்புக் கல்லும் சேரும் இடத்தைச் சாந்தால் அடைக்காதே, சூடு தாங்கும் கயிறு வைத்து இடைவெளி விடு. எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தச் சுவருக்குள் மின்கம்பி போகிறதா என்று பார்த்துவிடு. நான் ஒருமுறை பார்க்காமல் உளி வைத்தேன். பங்களா முழுக்க இருட்டு, என் கை மட்டும் பளிச்சென்றிருந்தது.

வாகமனிலிருந்து ஒரு சகோதரி: எங்களுடையது புதிய வீடு, ஹாலோ பிளாக் சுவர், சிம்னி இல்லை. புகைக்குழாயே தேவைப்படாத கேஸ் ஹீட்டர் இருக்கிறது, புகை வராது என்கிறார் கடைக்காரர்.

கண்ணுக்குத் தெரிகிற புகை வராது. அவ்வளவுதான் அவர் சொன்னதில் உண்மை. ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நீராவி வரும். ஏற்கெனவே அலமாரித் துணியில் பூஞ்சை பிடிக்கிற மலையில் அதை அறைக்குள் விட்டால் சுவர் வியர்க்கும். விருந்தினர் குளிருக்குப் பயந்து காற்றுவழியைத் துணியால் அடைத்துவிட்டால் ஆக்சிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு பெருகும். படுக்கையறையில் இந்த வகை வேண்டவே வேண்டாம்.

உங்களுக்கு ஏற்றது அறையோடு தொடர்பில்லாத, கண்ணாடி மூடிய வகை. இரட்டைக் குழாய் ஒன்று வெளிச்சுவரைத் துளைத்துப் போகும். வெளியிலிருந்து காற்றை எடுத்து வெளியிலேயே புகையை விடும். ஹாலோ பிளாக்கைத் துளைத்தால் உள்ளே வெற்றிடம் இருக்கும். துளைக்குள் உலோக உறை செருகி இருபுறமும் சாந்தால் அடைக்காவிட்டால் புகை கட்டைகளின் பொந்துகளில் சுற்றித் திரியும். கணப்பைத் தொங்கவிடும் ஆணிகளும் பொந்தில் பிடிக்காது. அந்தப் பகுதியை மட்டும் திடக்கட்டையாக மாற்றிக் கட்டிவிடுங்கள், ஒரு நாள் வேலைதான். வெளிமுனை சன்னலுக்கு அடியில் வரக்கூடாது. சன்னலைத் திறந்தால் விட்ட புகையே உள்ளே வரும்.

குண்டளையிலிருந்து ஒருவர்: ஐயா, சிலிண்டரைக் கணப்பின் பக்கத்து அலமாரியில் மறைத்து வைத்தால் பார்க்க நன்றாக இருக்குமே?

இருக்காது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். சிலிண்டர் வீட்டுக்கு வெளியே, நிமிர்ந்தபடி, நிழலில், வாய்க்காலும் நிலவறையும் இல்லாத இடத்தில் நிற்க வேண்டும். அங்கிருந்து உலோகக் குழாய் சுவருக்குள் உறையோடு வரட்டும். சுவரில் புதைத்த ரப்பர் குழாயை நீங்கள் ஒருபோதும் சோதிக்க முடியாது.

குண்டளை என்பதால் இன்னொன்று. சனவரியில் உங்கள் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகக் கிடக்குமே, அந்த விடியலில் தீ சோர்ந்துபோகும். நம் எல்பிஜி புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் ஆவியாகும், பியூட்டேனோ மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே ஆவியாக மறுக்கும். உள்ளே கேஸ் இருந்தும் அடுப்பு எரியாது. அப்போது சிலிண்டருக்கு வெந்நீர் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், உயிரோடு விளையாட்டு அது. இரண்டு சிலிண்டரை இணைத்து வையுங்கள், சுமை பகிர்ந்துகொள்ளும்.

விடுதி நடத்துகிறீர்கள் என்றால் 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் சட்டப்படி ஆகாது, 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான். செலவையும் சொல்லிவிடுகிறேன். 4 கிலோவாட் கணப்பு மணிக்குச் சுமார் 300 கிராம் குடிக்கும். மாலை ஐந்து மணிநேரம் எரித்தால் ஒரு சிலிண்டர் பன்னிரண்டு நாள் வரும். விருந்தினர் கட்டணத்தில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பீருமேட்டிலிருந்து ஒரு பெரியவர்: லண்டனில் இருக்கும் மகன் அங்கிருந்தே ஒரு கணப்பை அனுப்புகிறான். மாட்டிவிடலாமா, தம்பி?

பெட்டியைப் பிரித்ததும், எந்த கேஸுக்கு என்று எழுதிய தகட்டைப் படியுங்கள், ஐயா. அங்கே வீடுகளுக்குக் குழாயில் வருவது இயற்கை எரிவாயு, 20 மில்லிபார் அழுத்தம். நம் ரெகுலேட்டர் தருவது ஏறக்குறைய 30 மில்லிபார், கேஸும் வேறு. இயற்கை எரிவாயுவுக்கான பர்னர் துளையில் எல்பிஜியை விட்டால் சுடர் மஞ்சளாக நீண்டு கரி கக்கும். எல்பிஜிக்கு மாற்றும் பாகங்களைத் தயாரிப்பாளரே தருகிற மாதிரியாக இருந்தால் சரி, இல்லாவிட்டால் மகனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். துளையை ஊசியால் சரிசெய்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்புங்கள். மேலும் 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. கணப்பின் திறனை அதற்கேற்பக் குறைத்து அமைக்க வேண்டும்.

போடிமெட்டிலிருந்து: மேலே தேக்குப் பலகையும் டிவியும் வைக்கலாமா?

கையேட்டில் சொன்ன இடைவெளி இருந்தால் பலகை வைக்கலாம். டிவி வேறு சுவருக்குப் போகட்டும்.

மீண்டும் தேவிகுளத்துத் தங்கை: அண்ணே, கணப்பை மூடியிருந்த பலகை சாம்பல் நிறத்தில் சிமென்ட் அட்டைபோல் இருக்கிறது. உடைத்துப் போட்டுவிடவா?

கையை எடு, அம்மா. அந்தக் காலத்து அட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. அதை உடைத்தால், அறுத்தால், துளைத்தால் எழும் தூசி நுரையீரலில் தங்கிவிடும், பல ஆண்டு கழித்து நோயாக வரும். தண்ணீர் தெளித்து நனைத்து, திருகாணிகளைக் கழற்றி முழுசாக இறக்கச் செய். தடித்த பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி வை. துடைப்பத்தால் பெருக்காதே, ஈரத்துணியால் துடை.

வட்டவடையிலிருந்து ஒருவர்: எல்லாம் முடிந்து பொருத்தியாயிற்று. நானே பார்க்கக்கூடிய கடைசிச் சோதனை என்ன?

பொருத்தியவர் போகும் முன்னால் அவரைவைத்தே செய்யுங்கள். இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழ் விட்டால் கசிவு. பிறகு எல்லாக் கதவு சன்னல்களையும் சாத்தி, சமையலறையில் புகை இழுக்கும் விசிறி இருந்தால் அதையும் ஓடவிடுங்கள். அதுதான் கணப்புக்கு எதிரி, சிம்னிக் காற்றைத் தன் பக்கம் இழுக்கும். கணப்பை முழுத் தீயில் ஐந்து நிமிடம் எரியவிட்டு, வாயின் மேல்விளிம்பு நெடுக ஊதுபத்தியை மெல்ல நகர்த்துங்கள். புகை எல்லாம் உள்ளே போக வேண்டும். வெளியே சுருண்டால் இன்னும் பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் சுருண்டால் கேஸை மூடிவிட்டுப் பொருத்தியவரிடம், "பணம் நாளைக்கு" என்று சொல்லுங்கள்.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைக் கணப்பிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டர் தொலைவில், சுவரில் கூரைக்கு அருகே மாட்டுங்கள். கேஸ் மணம் வந்தால் மின் சுவிட்சைத் தொடாமல், வெளியே உள்ள வால்வை மூடி, சன்னலைத் திறந்து, ஆட்களை வெளியே கூட்டிப்போங்கள். பிறகு முற்றத்தில் நின்று 1906க்கு அழையுங்கள், அது இரவும் பகலும் எடுக்கிற எல்பிஜி அவசர எண். அந்த எண்ணைச் சிலிண்டர் அறைக் கதவில் தமிழிலும் மலையாளத்திலும் பெயிண்டால் எழுதிவையுங்கள்.