மூழ்கிய சிபியுவை ஆன் செய்யாதீர்கள், ஹார்ட் டிஸ்கைக் காயவும் வைக்காதீர்கள்

பர்மாவில் உள்ள பெகுவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஆற்றுத் தண்ணீர் ராத்திரியில் வீட்டுக்குள் முழங்கால் அளவு ஏறிவிட்டது. மேசைக்கு அடியில் இருந்த சிபியு விடியும்வரை தண்ணீரிலேயே கிடந்திருக்கிறது. 2015-ல் வாங்கிய கம்ப்யூட்டர். அம்மன் கோயில் வரவு செலவு, தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்ப் பதிவு, காலமான அப்பாவின் பழைய படங்கள் எல்லாம் அதற்குள்தான். இன்னும் ஆன் செய்யவில்லை. "வெயிலில் வைத்து, ஹேர் டிரையர் போட்டுக் காயவைத்து ஆன் செய்து பார்க்கலாம் என்கிறான் தம்பி மகன். செய்யலாமா?" என்று கேட்கிறார்.

செய்யாதீர்கள் அண்ணா. இவ்வளவு நேரம் அதைத் தொடாமல் வைத்திருந்தீர்களே, அதுவே பெரிய காரியம். உங்களுக்கு வேண்டியது கம்ப்யூட்டர் இல்லை, அதற்குள் உள்ளங்கை அகலத்தில் இருக்கும் ஹார்ட் டிஸ்க். மதர்போர்டு, ராம், பவர் சப்ளை எல்லாம் போனாலும் போகட்டும், கடையில் வேறு வாங்கலாம்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். யுபிஎஸ்ஸும் நனைந்திருந்தால் அதைத் தூக்கி ஓரமாக வையுங்கள், உள்ளே பேட்டரி இருக்கிறது. வெள்ளத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும், கையில் ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள். பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் மதர்போர்டில் காசு மாதிரி ஒரு சின்ன பேட்டரி தெரியும். 3 வோல்ட்தான். ஆனாலும் ஈரமான போர்டில் அது விடாமல் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருந்தால் செம்புத் தடங்கள் அரித்துப் பச்சை பூத்துவிடும். எடுத்துவிடுங்கள். பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. 230 வோல்ட் அதற்குள் 300-க்கு மேல் ஏறிக் கபாசிட்டரில் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

இனி ஹார்ட் டிஸ்க். அதன் மூடியில் ஊசித் துளை மாதிரி ஒரு ஓட்டை இருக்கும், 'இதை மூடாதே' என்று ஆங்கிலத்தில் பக்கத்திலேயே எழுதியிருக்கும். உள்ளும் வெளியும் காற்றழுத்தம் சமமாக இருக்க வைத்த ஓட்டை அது. தூசியைத் தடுக்க உள்ளே வடிகட்டி உண்டு, ஆனால் தண்ணீரை அது நிறுத்தாது. ஒரு ராத்திரி மூழ்கிய டிஸ்க் என்றால் உள்ளேயும் ஈரம் போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கண்ணாடி போல் பளபளக்கும் தட்டு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றும். அதைப் படிக்கும் முனை தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். நம் தலைமுடி ஒன்று 50,000 நானோமீட்டருக்கு மேல் தடிமன். அப்படியென்றால் காய்ந்த சேற்றுத் துகள் ஒன்று அந்த முனைக்கு எவ்வளவு பெரிய பாறை என்று யோசித்துப் பாருங்கள்.

2008-ல் நர்கீஸ் புயலுக்கு அப்புறம் என்னிடம் ஒரு டிஸ்க் வந்தது. மூன்று நாள் வெயிலில் காயவைத்து, ஒரே ஒரு தடவை ஆன் செய்து பார்த்தார்களாம். இனி எதுவும் வராது என்று உறுதியான பிறகு திறந்தேன். தட்டில் ஒரு வளையம், காம்பஸ் வைத்துக் கிழித்த மாதிரி. வளையத்தைச் சுற்றிக் கருப்புத் தூள். அந்தத் தூள்தான் அவர்கள் வீட்டுக் கல்யாணப் படங்கள். இன்றும் ஹேர் டிரையர் என்று யாராவது சொன்னால் அதுதான் கண்ணில் வந்து நிற்கிறது.

அதனால் டிஸ்க் இன்னும் ஈரமாக இருந்தால் ஈரமாகவே இருக்கட்டும். சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். உள்ளே சேறு காய்ந்து தட்டில் ஒட்டிவிட்டால் எடுப்பது கஷ்டம். ஏற்கெனவே காய்ந்துவிட்டது என்றால் திரும்ப நனைக்க வேண்டாம், அப்படியே பையில் போடுங்கள். அரிசி மூட்டைக்குள் வைப்பது, ஃப்ரிட்ஜில் வைப்பது இதெல்லாம் வேண்டாம்.

அப்புறம் காசு. டிஸ்கைத் தூசியில்லா அறையில் திறந்து தட்டைக் கழுவி எடுக்கும் இடத்துக்குத்தான் இது போக வேண்டும். சென்னையிலும் சிங்கப்பூரிலும் அப்படிப்பட்ட கூடங்கள் இருக்கின்றன, செலவு கூடுதல்தான். எந்தக் கடையில் கொடுத்தாலும் "எங்கே வைத்துத் திறப்பீர்கள்? டேட்டா வராவிட்டாலும் காசு உண்டா?" என்று முதலிலேயே கேளுங்கள். சாதாரண மேசையில் வைத்துத் திறப்பவரிடம் கொடுக்காதீர்கள். டிஸ்கின் அடியில் உள்ள போர்டை மட்டும் மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னாலும் உடனே சரி என்காதீர்கள். அந்த டிஸ்குக்கே உரிய அளவுகள் பழைய போர்டிலுள்ள ஒரு சிப்பில் இருக்கும், அதையும் சேர்த்து மாற்றத் தெரிந்தவர் வேண்டும்.

அனுப்புவதற்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து, எது வேறு எங்கேயாவது இருக்கிறது என்று தேடுங்கள். கோயில் கணக்கைக் கமிட்டிக்காரர்களுக்கு வைபரில் அனுப்பியிருப்பீர்கள், தமிழ் வகுப்புப் பட்டியலை அச்சடித்திருப்பீர்கள். அப்பா படங்களின் அசல் அலமாரியில் பத்திரமாக இருந்தால் இன்னொரு தடவை ஸ்கேன் செய்யலாம். மிஞ்சுவது எதுவோ, அதற்காக மட்டும் செலவு செய்தால் போதும்.

மிஞ்சியது பெரிதாக இல்லை, போனாலும் பரவாயில்லை என்று மனம் ஒப்பினால் நீங்களே ஒரு தடவை முயலலாம். அப்போது மட்டும் டிஸ்கைக் காயவிடுங்கள். அடியில் உள்ள பச்சைப் போர்டின் நட்சத்திரத் திருகுகளைக் கழற்றி, போர்டை மட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரிலும், பிறகு 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலிலும் மென்மையான பிரஷ்ஷால் கழுவி, இரண்டு நாள் நிழலில் உலர்த்துங்கள். திரும்பப் பூட்டி, யுஎஸ்பி அடாப்டர் வழியாக வேறு கம்ப்யூட்டரில் இணையுங்கள். பெரிய டிஸ்குக்கு அடாப்டரோடு தனி 12 வோல்ட் பவரும் வேண்டும், கரண்ட் போய் வரும் ஊரில் அதை இன்வெர்ட்டரிலிருந்தே கொடுங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். விண்டோஸ் "ஃபார்மட் செய்யவா?", "சரி செய்யவா?" என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். ஓடுகிறது என்றால் ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்காமல், டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் முழு டிஸ்கையும் வேறொரு டிஸ்குக்குப் படி எடுங்கள். நன்றாக உள்ள பகுதியை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிப்பதை அது கடைசியில் பார்த்துக்கொள்ளும்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். மீட்ட பிறகு பழைய கோயில் நோட்டீஸைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரலாம். ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். பாமினி எழுத்துருவில் அடித்தது அப்படித்தான் தெரியும். பர்மிய மொழியில் ஜாவ்ஜி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது பர்மிய எழுத்தாகவே வரும், ஆனால் குழம்பித் தெரியும், அதையும் அழிக்காதீர்கள். பாமினியை இறக்கிப் போட்டுத் திறந்து பாருங்கள், தமிழ் சரியாக வந்துவிடும்.