கப்பலில் நடந்த குற்றத்துக்குக் கப்பல் நிறுவனம் பொறுப்பாகுமா?

அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பல்களில் பயணிகள்மீது நிகழும் குற்றங்களைப் பற்றி உறுப்பினர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு, அமெரிக்கக் கடல்சார் சட்டம் அறிந்த உறுப்பினர் அளித்த பதில்கள் இவை.

கேள்வி (டல்லாஸ்): ஐயா, பயணியைத் தாக்கியவர் கப்பல் ஊழியரே என்றால், "அது அவருடைய வேலையைச் சேர்ந்த செயல் அன்று" என்று சொல்லி நிறுவனம் ஒதுங்கிக்கொள்ள முடியுமா?

பதில்: முடியாது. தரையில் நடக்கும் வழக்குகளில், ஊழியர் தம் பணியின் போக்கில்தான் அதைச் செய்தாரா என்ற விவாதம் முதலில் எழும். பயணிகளை ஏற்றிச் செல்பவருக்கு அந்தத் தப்பிக்கும் வழி கிடையாது. நீராவிப் படகு நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் பயணி ஒருவரைத் தாக்கிய வழக்கில், தன் ஊழியர்களின் வன்முறையிலிருந்து பயணியைக் காப்பது நிறுவனத்தின் கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1887ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. செலிபிரிட்டி என்ற சொகுசுக் கப்பல் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், புளோரிடா உள்ளிட்ட மாநிலங்களுக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமான பதினோராவது வட்ட நீதிமன்றம் 2004இல் அதே கொள்கையை உறுதி செய்தது. அந்த வழக்கில், ஊழியர் ஒருவர் பயணிமீது நிகழ்த்திய பாலியல் வன்முறை கப்பலுக்குள் நடக்கவில்லை. கப்பல் பெர்முடாவில் நின்றிருந்தபோது கரையில் நடந்தது. துறைமுகங்களில் இறங்கிச் சுற்றுவதும் பயணத்தின் ஒரு பகுதியே என்று நீதிமன்றம் கருதியதால், நிறுவனத்தின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டிய தேவையே இல்லாமல் அதன்மீது முழுப் பொறுப்பும் விழுந்தது. பயணி உறங்கும் அறைக்குள் நுழைய ஊழியரிடம் சாவி கொடுத்து வைத்திருக்கும் ஒரு தொழிலுக்கு இதைவிடக் குறைந்த பொறுப்பு போதாது என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி (நியூ ஜெர்சி): தாக்கியவர் மற்றொரு பயணி என்றால்?

பதில்: அப்போது சட்டம் முற்றிலும் மாறிவிடுகிறது. நிறுவனம் அந்த ஆபத்தை முன்கூட்டியே அறிந்திருந்தது, அல்லது அறிந்திருக்க வேண்டும் என்பதையும், அப்படியிருந்தும் நியாயமான கவனம் காட்டத் தவறியது என்பதையும் வழக்குத் தொடுப்பவர் நிறுவ வேண்டும். எடுத்துக்காட்டாக, இறங்குவதற்குக் காத்திருந்த பயணிகளிடையே திடீரென வெடித்த அடிதடி பற்றிய வழக்கு ஒன்றில், அந்த அபாயம் குறித்து நிறுவனத்துக்கு எந்த அறிகுறியும் இருந்ததற்குச் சான்று இல்லை என்று 2022இல் பயணியின் மேல்முறையீடு தோற்றது.

ஆனால் 2019இல் ராயல் கரீபியன் நிறுவனத்துக்கு எதிரான வழக்கைப் பாருங்கள். பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு, வயது வந்த ஆண் பயணிகளின் கூட்டம் ஒன்று ஊழியர்களின் கண்ணெதிரிலேயே மது வாங்கிக் கொடுத்து, அவள் நிலைகுலைந்த பின் ஓர் அறைக்கு அழைத்துச் சென்று வன்கொடுமை செய்தது என்பது புகார். கீழமை நீதிமன்றம் தள்ளுபடி செய்திருந்த அந்த வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் மீட்டெடுத்து விசாரணைக்கு அனுப்பியது. அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி, தீர்ப்புக்கு உடன்பட்டுத் தனியாக எழுதிய கூடுதல் கருத்தில், அரசு வெளியிடும் கப்பல் குற்றப் புள்ளிவிவரங்களையே எடுத்துக்காட்டினார். தன் கப்பல்களிலிருந்தே திரட்டப்படும் எண்களை வைத்துக்கொண்டு, "இப்படி நடக்கும் என்று எங்களுக்குத் தெரியாது" என்று ஒரு நிறுவனம் சொல்வது இனி எளிதன்று.

கேள்வி (சான் ஹோசே): பயணச்சீட்டில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் நிபந்தனைகள் நம்மைக் கட்டுப்படுத்துமா?

பதில்: பெரும்பாலும் கட்டுப்படுத்தும், பலர் வழக்கை இழப்பது இங்கேதான். கடலில் நேர்ந்த காயத்துக்கு இழப்பீடு கோரும் பொதுவான தீங்கியல் வழக்குக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தாலும், பயணச்சீட்டு ஒப்பந்தத்தின் வாயிலாக அதை ஓராண்டாகவும், எழுத்துமூல அறிவிப்புக்கான காலத்தை ஆறு மாதமாகவும் குறுக்கிக்கொள்ளச் சட்டம் நிறுவனத்தை அனுமதிக்கிறது. எந்த ஊர் நீதிமன்றத்தில் வழக்கிட வேண்டும் என்பதையும் சீட்டே தீர்மானிக்கலாம் என்று கார்னிவல் நிறுவனம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் ஏற்றுக்கொண்டது. பெரிய நிறுவனங்கள் பலவற்றின் சீட்டுகள் மயாமியைக் குறிப்பிடுகின்றன. இருப்பினும், அமெரிக்கத் துறைமுகத்தைத் தொடும் பயணங்களில், தன் கவனக்குறைவால் விளைந்த காயத்துக்கோ மரணத்துக்கோ பொறுப்பே இல்லை என்று நிறுவனம் எழுதி வைத்தால் அந்த வாசகம் செல்லாது.

கேள்வி (சென்னை): நானும் கணவரும் இந்தியக் குடிமக்கள். மயாமியிலிருந்து கப்பலேற இருக்கிறோம். எங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் எஃப்.பி.ஐ. வருமா?

பதில்: இரண்டு வழிகளைப் பிரித்துப் பாருங்கள், அம்மா. இழப்பீடு கோரும் உரிமையியல் வழக்குக்குக் குடியுரிமை தடையாகாது. குற்ற விசாரணையின் நிலை வேறு. பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவாகி அவற்றின் கொடி பறக்கும் கப்பல், நடுக்கடலில் முதன்மையாக அந்தக் கொடி நாட்டின் அதிகாரத்துக்கு உட்பட்டது. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து புறப்படும் வெளிநாட்டுக் கப்பலில், குற்றவாளியோ பாதிக்கப்பட்டவரோ அமெரிக்கராக இருந்தால்தான் நடுக்கடல் குற்றத்தை அமெரிக்கா தன் சட்டத்தின்கீழ் கொண்டுவர முடியும். குற்றம் செய்தவர் இந்தியக் குடிமகன் என்றால், வெளிநாட்டில் செய்த குற்றத்துக்காக அவரை இந்திய நீதிமன்றமும் விசாரிக்கலாம்; அதற்கு மத்திய அரசின் முன் அனுமதி தேவை.

கேள்வி (சிகாகோ): குற்றம் நடந்த உடனே என்ன செய்ய வேண்டும்?

பதில்: 2010ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், குறைந்தது 250 பயணிகளை ஏற்ற அனுமதி பெற்று, அமெரிக்காவில் பயணிகளை ஏற்றும் அல்லது இறக்கும் கப்பல்கள்மீது சில கடமைகளை விதித்திருக்கிறது. பாலியல் வன்முறைச் சான்றுகளைச் சேகரிக்கும் உபகரணமும் அதற்குப் பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளரும் கப்பலில் இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் காவல் துறையையும் வழக்கறிஞரையும் தனிமையில் தொடர்புகொள்ளத் தொலைபேசியும் இணையமும் தரப்பட வேண்டும். இவற்றைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. உடை மாற்றுவதற்கும் குளிப்பதற்கும் முன் மருத்துவப் பரிசோதனை நடக்கட்டும். கப்பல் பாதுகாப்பு அதிகாரி நிறுவனத்தின் சம்பளக்காரர் என்பதால், அவரிடம் புகார் சொல்வதோடு நின்றுவிடாமல் எஃப்.பி.ஐ.க்கு நீங்களே அழையுங்கள். கண்காணிப்பு ஒளிப்பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி அன்றே எழுத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தின் படியை வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் நீட்டும் எந்தத் தாளிலும், உங்கள் வழக்கறிஞர் படித்துப் பார்க்கும்வரை கையெழுத்திட வேண்டாம்.