அகராதியில் இல்லாத சொல்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 41. எட்டு மாதங்களாகத் தினமும் அரை மணி நேரம் ஆங்கில உரையாடல் பாடங்களைக் கேட்டுவருகிறேன். இருவர் பேசிக்கொள்வார்கள், பிறகு ஆசிரியர் அதிலுள்ள சொற்களை விளக்குவார். அந்த மாதிரிப் பாடங்கள். இதுவரை 200 பாடங்கள் முடித்துவிட்டேன். பாடத்துக்கு ஏழு சொல் வீதம் 1,400 சொற்களைத் தமிழ்ப் பொருளோடு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

பாடத்தைக் கேட்கும்போது எல்லாம் புரிகிறது. ஆனால் வாரம் ஒருமுறை வெளிநாட்டுக் கிளையோடு நடக்கும் தொலைபேசிக் கூட்டத்தில் பாதி பிடிபடுவதில்லை. திடீரென்று என்னிடம் ஏதாவது கேட்டால், நோட்டில் இருக்கும் ஒரு சொல்கூட வாய்க்கு வருவதில்லை. சென்ற வாரம் ஒரு கணக்கு விவரத்தைப் பற்றிப் பேசும்போது அமெரிக்க மேலாளர் என்னிடம் "சார்டிடவுட்" என்று இரண்டு முறை சொன்னார். 'யெஸ்' என்று சொல்லிவிட்டேன். பிறகு அகராதியில் தேடினேன். அப்படி ஒரு சொல்லே இல்லை.

இவ்வளவு கேட்டதும் வீண்தானா? இலக்கண வகுப்பில் சேரட்டுமா? மெதுவாகப் பேசும் பாடங்களுக்கே திரும்பிவிடட்டுமா? கதை எழுதுகிறவரிடம் கேட்கக் கூடாத கேள்வி என்றால் மன்னிக்கவும்.

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

மன்னிக்க என்ன இருக்கிறது? பிறர் பேசுவதை ஒட்டுக்கேட்டுப் பிழைக்கிறவனிடம் கேட்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

முதலில் உங்கள் நோட்டு. 1,400 சொற்கள் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு ஒரு வானொலி நினைவுக்கு வந்தது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-ல் ஆங்கிலம் கற்பவர்களுக்காக ஒரு தனி ஒலிபரப்பைத் தொடங்கியது. ஏறக்குறைய 1,500 சொற்கள்தான் அதன் கையிருப்பு. வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் வாசிப்பார்கள். அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு போர், தேர்தல், மருத்துவம், விண்வெளி என்று உலகச் செய்திகளைப் பல பத்தாண்டுகள் சொல்லிவந்தார்கள். ஏறக்குறைய அதே அளவு மூட்டையை நீங்களும் சுமக்கிறீர்கள். ஆகவே உங்கள் குறை சொல் பற்றாக்குறை இல்லை. இன்னும் 1,400 சொற்கள் எழுதினாலும் அடுத்த வாரக் கூட்டத்தில் இதே கதைதான் நடக்கும்.

ஏனென்றால் உங்கள் நோட்டில் சொற்கள் ஒற்றை ஒற்றையாக இருக்கின்றன. தமிழ் கற்கிற ஒரு வெளிநாட்டுக்காரர் தன் நோட்டில் 'விடு', 'கொடு' இரண்டையும் பொருளோடு எழுதி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "தம்பிக்கு விட்டுக்கொடு" என்று யாராவது சொன்னால் அவர் என்ன செய்வார்? எதை விடுவது, எதைக் கொடுப்பது என்று முழிப்பார். 'எடு' என்ற சொல்லின் நிலைமை இன்னும் மோசம். படம் எடுக்கிறோம், முடிவு எடுக்கிறோம், ஓய்வு எடுக்கிறோம். நமக்குப் பசிகூட எடுக்கிறது. கையில் தூக்குவது என்று பொருள் எழுதி வைத்தவருக்கு இதில் ஒன்றுகூடப் பயன்படாது.

ஆங்கிலமும் இப்படித்தான், கொஞ்சம் கூடுதலாகவே. 'புட்', 'அப்', 'வித்' மூன்றும் குழந்தைக்கும் தெரிந்த சொற்கள். 'புட் அப் வித்' என்றால் பொறுத்துப்போவது. 'ரன்' என்றால் ஓடு என்று எழுதியிருப்பீர்கள். "வீ ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் டைம்" என்று மேலாளர் சொல்லும்போது உங்கள் மனக்கண்ணில் யாரோ ஓடுகிறார்கள். அவர் சொல்வது, நேரம் தீரப்போகிறது என்று. பேச்சு ஆங்கிலத்தின் பெரும்பகுதி இப்படிப்பட்ட கொத்துகளால் ஆனது. கொத்தை உதிர்த்துக் காயாக எழுதிவைத்தால், பேச வேண்டிய நேரத்தில் ஒவ்வொரு காயாகத் தேடிக் கோக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

இனி அந்தச் சார்டிடவுட்.

அது மூன்று சொற்கள்: சார்ட், இட், அவுட். அதைச் சரிசெய்துவிடுங்கள் என்றுதான் மேலாளர் சொல்லியிருக்கிறார். நீங்களும் 'யெஸ்' சொல்லியிருக்கிறீர்கள். இந்தப் பதிலைப் பாதியில் நிறுத்திவிட்டு அந்த வேலையை முடித்துவிட்டு வந்தாலும் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் நீங்கள் காதால் கேட்டதை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள் பாருங்கள், அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உங்கள் காது பழுதில்லை என்பதற்கு அந்த ஒரு சொல்லே சாட்சி. அங்கே நடந்திருப்பது உங்களுக்குப் பள்ளியிலிருந்தே தெரிந்த சங்கதி: புணர்ச்சி. சொல்லின் கடைசி மெய்யின் மேல் அடுத்த சொல்லின் முதல் உயிர் ஏறி உட்காருகிறது. 'கடல்', 'அலை' சேர்ந்து 'கடலலை' ஆவதுபோல 'பிக் இட் அப்' என்பது 'பிக்கிடப்' ஆகிறது. உயிரும் உயிரும் மோதினால் இடையில் யகரமோ வகரமோ வரும் என்று படித்தோமே, மணியடித்தது, திருவருள் என்று? அதே உடம்படுமெய் ஆங்கில வாயிலும் தோன்றுகிறது. 'சீ இட்' சொல்லும்போது 'சீயிட்', 'டூ இட்' சொல்லும்போது 'டூவிட்'. ஆங்கில எழுத்தில் இது தெரியாது. அவர்கள் இடைவெளி விட்டு எழுதிவிட்டு ஒட்டிப் பேசுகிறார்கள். நாம் புணர்ச்சியை எழுத்திலேயே காட்டுகிறவர்கள். 'ஐயாம்' என்று தமிழர்கள் சொன்னால் கேலி செய்பவர்கள் உண்டு. அந்த இடத்தில் யகரம் வருவது ஆங்கிலேயர் பேச்சிலும் இயல்புதான்.

இன்னொன்றும் உங்கள் ஒரு சொல்லில் இருக்கிறது. 'சார்ட்டிட்டவுட்' என்று வல்லொற்றுப் போட்டு எழுதாமல் 'சார்டிடவுட்' என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்கர்கள் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் டகரத்தை மென்மையாக்கிவிடுவார்கள். வாட்டர் அவர்கள் வாயில் ஏறக்குறைய வாடர்தான். 'பாட்டு' என்பதில் வரும் ஒலிக்கும் 'பாடு' என்பதில் வரும் ஒலிக்கும் உள்ள வேறுபாடுதான் அது. தமிழ்க் காதுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டியதில்லை. சிக்கல் எங்கே வருகிறதென்றால், காது சரியாகப் பிடித்துக் கொடுத்ததைக் கண் ஒப்புக்கொள்ள மறுக்கிறது. எழுத்தில் பார்த்த வடிவம் வரவில்லையே என்று அது காத்துக்கொண்டிருக்கிறது.

நமக்கு உண்மையிலேயே புதிதான விஷயம் ஒன்று உண்டு. தமிழில் ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய மாத்திரையைக் கொடுத்துவிடுகிறோம். சொல்லின் கடைசியில் வரும் குற்றியலுகரம் மாதிரிச் சில இடங்களில்தான் உயிர் குறுகும். ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத இடத்தில் எந்த உயிரும் குறுகி, அடையாளம் தெரியாமல் நசுங்கிவிடும். 'ஃபோட்டோகிராஃப்' என்று தெளிவாகச் சொல்கிற அதே ஆள், புகைப்படக் கலையைக் குறிப்பிடும்போது 'ஃபட்டாக்ரஃபி' என்பார். டு, ஃபார், ஆஃப், அண்ட், கேன் போன்ற சிறு சொற்கள்தான் அதிகம் அடிபடும்.

இதில் நானே அடிபட்டிருக்கிறேன். ஓர் அமெரிக்கப் பேராசிரியர் என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. வியாழக்கிழமை ரயில். முதல்நாள் தொலைபேசியில் பேசினார். "ஐ கேன் மேக்கிட்" என்று என் காதில் விழுந்தது. வருகிறார் என்று மகிழ்ந்து மறுநாள் ரயில் நிலையத்தில் இரண்டு மணி நேரம் நின்றேன். அவர் சொன்னது 'கேன்ட்'. வர முடியாது என்று வருத்தம் தெரிவித்திருக்கிறார். நான் "வெரி ஹேப்பி" என்று பதில் சொல்லியிருக்கிறேன். அவர் என்ன நினைத்துக்கொண்டாரோ. பிறகுதான் விளங்கிற்று: முடியும் என்பவர்கள் 'ஐ கன் மேக்கிட்' என்று அந்தச் சொல்லை விழுங்கிவிடுவார்கள். முடியாது என்னும்போதுதான் 'கேன்' முழுதாக நிமிர்ந்து நிற்கும். கடைசி டகரம் தொண்டையிலேயே அமுங்கிப்போகும். உயிர் நீண்டு தெளிவாகக் கேட்டால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

மெதுவாகப் பேசும் பாடங்களுக்குத் திரும்ப வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். ஆசிரியர் உங்களுக்காக நிறுத்தி நிதானமாகப் பேசும்போது ஒட்டியவை எல்லாம் பிரிந்துவிடுகின்றன. 'சார்ட். இட். அவுட்.' என்பார். உங்களுக்குத் தெரியாத பகுதியை நீக்கிவிட்டுத் தெரிந்த பகுதியை மட்டும் கற்பிக்கிறார். வேகம் கட்டுப்படவில்லை என்றால் இயல்பான பேச்சின் பதிவை எடுத்துக்கொண்டு, செயலியில் வேகத்தைச் சற்றுக் குறைத்துக் கேளுங்கள். பதிவை மெதுவாக ஓட்டினால் ஒட்டு ஒட்டாகவே இருக்கும். அது எப்படி ஒட்டியிருக்கிறது என்று உற்றுக் கேட்க நேரம் கிடைக்கும், அவ்வளவுதான்.

கேட்டது வீணா என்று கேட்கிறீர்கள். வீண் இல்லை. ஆனால் 200 பாடங்கள் அதிகம். பிபிசி 1943-ல் வானொலி வழியாக ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கியபோது கேட்டவர்களுக்கு வேறு வழியில்லை. காற்றில் வந்தது காற்றோடு போயிற்று. உங்கள் கையில் நிறுத்தும் பொத்தான் இருக்கிறது. எட்டு மாதங்களில் அதை எத்தனை முறை அழுத்தினீர்கள்?

ஒரு மாதத்துக்குப் புதிய பாடம் எதையும் தொடாதீர்கள். பழைய இருநூறில் உங்கள் வேலைக்கு நெருக்கமான பத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து வடிவத்தைப் பார்க்காமல் ஒருமுறை கேட்டு, காதில் விழுந்ததை விழுந்தபடியே தமிழ் எழுத்தில் எழுதுங்கள், சார்டிடவுட்டை எழுதினீர்களே, அப்படி. பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டால், எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது, எது நசுங்கியிருக்கிறது என்று தானே தெரியும். அதன் பிறகு பேசுகிறவரின் நிழல்போல, அரைச் சொல் பின்னால், அவரோடு சேர்ந்தே வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

முக்கியமானது இனிமேல்தான். முதல் ஆள் கேள்வி கேட்டதும் பதிவை நிறுத்துங்கள். இரண்டாம் ஆள் வாயைத் திறக்கும் முன் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். தப்போ சரியோ, ஏதாவது. பிறகு ஓடவிட்டு அவர் என்ன சொன்னார் என்று பாருங்கள். இதுவரை உங்களுக்குப் பாடம் எல்லாம் புரிந்ததற்குக் காரணம், உங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள், நீங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கேட்ட சொல்லை அடையாளம் காண்பது ஒரு திறமை. தேவைப்படும் நொடியில் அதை வெளியே இழுப்பது வேறு திறமை. முதலாவதை எட்டு மாதம் பழகினால் இரண்டாவது தானாக வந்துவிடாது.

திரும்பக் கேட்பதற்கும் ஒரு கணக்கு உண்டு; கணக்குப் பிரிவில் இருப்பதால் உங்களுக்குப் பிடிக்கும். பால் பிம்ஸ்லர் என்ற அமெரிக்க மொழி அறிஞர் 1967-ல் ஒரு நினைவு அட்டவணையை வெளியிட்டார். புதிய சொல்லை 5 வினாடி கழித்து நினைவுகூர வேண்டும். பிறகு 25 வினாடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 5 மணி, 1 நாள், 5 நாள், 25 நாள், 4 மாதம், 2 ஆண்டு. ஒவ்வோர் இடைவெளியும் முந்தையதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. மறக்கப்போகும் தறுவாயில் நினைவுபடுத்தினால் அடுத்த முறை இன்னும் அதிக நேரம் தங்கும் என்பது அவர் எண்ணம். வினாடி பார்த்துப் பின்பற்ற யாராலும் முடியாது. அன்றைக்கே மூன்று முறை, மறுநாள், ஐந்தாம் நாள், மாதக் கடைசியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. உங்கள் நோட்டில் எழுதிய சொல்லை எழுதிய அன்றைக்குப் பிறகு திருப்பிப் பார்த்தீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை.

இலக்கண வகுப்பு இப்போது வேண்டாம்.

பாடங்கள் ஒரு விஷயத்தில் உங்களை ஏமாற்றியிருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். பாடத்தில் வருகிறவர்கள் அநியாயத்துக்கு நல்லவர்கள். ஒருவர் முழு வாக்கியமாகப் பேசி முடிக்கும் வரை மற்றவர் காத்திருப்பார். யாரும் குறுக்கே பேசுவதில்லை, யாருக்கும் எதுவும் புரியாமல் போவதில்லை. ஆகவே புரியாதபோது என்ன சொல்வது என்று அந்தப் பாடங்கள் கற்பிப்பதே இல்லை. நான் உங்களுக்கு முதல் பாடமாக அதைத்தான் வைத்திருப்பேன். 'குட் யூ சே தட் அகெய்ன்?' என்பது ஒன்று. 'டூ யூ மீன்...' என்று தொடங்கி, புரிந்தவரைக்கும் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது இன்னொன்று. யோசிக்க நேரம் வேண்டுமென்றால் 'லெட் மீ செக்'. இந்த மூன்றும் உறக்கத்தில் எழுப்பினாலும் வர வேண்டும். 'யெஸ்' என்பது கடைசிப் புகலிடமாக இருக்கட்டும்.

உங்கள் தொலைபேசிக் கூட்டம் போன்ற இடங்களில் அடிக்கடி காதில் விழும் இன்னொரு கொத்து, 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்...'. இறந்தகாலத்தில் இருக்கிறதே, எப்போதோ நடந்ததைச் சொல்கிறார் போலும் என்று நினைத்துவிடாதீர்கள். "உங்களிடம் ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்" என்று நாம் சொல்வதில்லையா? அந்தப் பணிவுதான் அது. உடனே உங்களிடம் ஒரு வேலை வரப்போகிறது.

அடுத்த கூட்டத்தில் மேலாளர் மறுபடியும் சார்டிடவுட் என்றால் 'ஐல் லுக் இன்ட்டு இட்' என்று சொல்லிப் பாருங்கள். பார்க்கிறேன், விசாரித்துச் சொல்கிறேன் என்று பொருள். ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொல்ல வேண்டாம். லுக்கின்ட்டுவிட். நடுவில் வருவது நம்முடைய வகரம்தான்.

அன்புடன்.